ஒழுகும் ஆயில் உயிராகாது

பிரிட்டனின் பழைய மோட்டார் சைக்கிள் பெயர்களில் பல மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டன. டிரையம்ப் போனவில், நார்ட்டன் கமாண்டோ, ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர், கடைசியாக பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார். ஒவ்வொன்றும் வந்த அன்றே அதற்கு எதிரான தீர்ப்பும் கூடவே வந்தது. பழைய வண்டியில் உயிர் இருந்தது. இது அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற வேறு வண்டி. செத்துப்போன கம்பெனியின் பெயரை விலைக்கு வாங்கி டேங்கில் ஒட்டிவிட்டார்கள். இங்கிலாந்தின் பழைய வண்டி மன்றங்கள் முதல் சென்னைப் புல்லட்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் வரை இதைச் சொல்லாதவர் குறைவு. மறுத்துப் பேசினால், வண்டியைப் பற்றித் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். பழைய வண்டிகள் மீது மதிப்பு இருப்பதால்தான் மறுக்கிறேன். அவற்றை உருவாக்கியவர்கள் எதற்காக ஆயுள் முழுவதும் பாடுபட்டார்களோ, அதையே இந்தத் தீர்ப்பு அவமதிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துவிட வேண்டும். அவர்களுடைய குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, தொடர்ச்சி அறுந்துவிட்டது. ரெடிச் நகரின் ராயல் என்ஃபீல்டு ஆலை 1967இல் மூடப்பட்டது; பி.எஸ்.ஏ. 1973இல் தனி நிறுவனமாக இல்லாமல் போனது. டிரையம்பின் மெரிடன் ஆலை 1983இல் முடிவுக்கு வந்தது. பின்னால் வந்தவர்கள் பெயரை வாங்கியவர்களே தவிர வாரிசுகள் அல்லர். இரண்டு, இவை பிரிட்டிஷ் வண்டிகளே அல்ல. போனவில் தாய்லாந்தில் தயாராகிறது, இன்டர்செப்டர் சென்னைக்கு அருகே, கோல்டு ஸ்டார் மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில். மூன்று, பழைய வண்டியின் அதிர்வும் சத்தமும் கிக்கரை மிதித்து எழுப்புகிற அனுபவமும் இவற்றில் இல்லை. நான்கு, இவை வேடம் போடுகின்றன. கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற அமைப்பை வைத்துவிட்டு, பார்வைக்குப் பழைய அமல் கார்புரேட்டர் மாதிரி மூடி போட்டிருக்கிறார்கள்.

வரிசையாகவே பார்ப்போம்.

தொடர்ச்சி அறுந்தது என்கிறவர்கள், அறுபடாத தொடர்ச்சி ஒன்று முன்பு இருந்ததாக நினைக்கிறார்கள். டிரையம்பின் கதையை எடுத்துக்கொள்வோம். 1930களின் நடுவில் அந்தக் கம்பெனி கார் தயாரிப்பிலேயே முழுக்கவனம் செலுத்த விரும்பி, மோட்டார் சைக்கிள் தொழிலைக் கைகழுவ முடிவு செய்தது. 1936இல் அதை வாங்கியவர் ஏரியல் கம்பெனியின் ஜாக் சாங்ஸ்டர். தன்னிடம் இருந்த எட்வர்ட் டர்னரை அங்கே பொறுப்பில் அமர்த்தினார். அடுத்த ஆண்டே டர்னரின் 500 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியான ஸ்பீடு ட்வின் வெளியானது. பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளின் முழுப் பரம்பரையும் அதிலிருந்து கிளைத்ததுதான். 1959ஆம் ஆண்டு வரிசையில் வந்த போனவில் டி120 அதன் நேர் வாரிசு. 1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கவென்ட்ரி ஆலை அழிந்தது. 1942இல் மெரிடன் கிராமத்தில் புதிய ஆலை எழுந்தது. ஆக, அசல் போனவில் என்று நாம் கும்பிடுகிற வண்டிக்குப் பின்னால் புதிய முதலாளி, புதிய வடிவமைப்பாளர், புதிய இன்ஜின், புதிய ஆலை. பழையதாக இருந்தது பெயர் மட்டும்தான். அதை யாரும் பெயரை வாங்கி ஒட்டிய வண்டி என்று ஏசுவதில்லை.

நார்ட்டனின் கதை இன்னும் அழுத்தமானது. 1953இல் அது ஏ.எம்.சி. குழுமத்தின் கைக்குப் போனது. 1963இல் பர்மிங்ஹாமின் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் இருந்த புகழ்பெற்ற ஆலை மூடப்பட்டு, தயாரிப்பு லண்டனின் வுல்விச் பகுதிக்கு மாற்றப்பட்டது. 1966இல் ஏ.எம்.சி. நொடித்துப்போனது. மிச்சத்தை டென்னிஸ் பூர் தலைமையிலான நிறுவனம் வாங்கியது. அந்தப் புதிய முதலாளி 1967இல் வெளியிட்ட வண்டிதான் கமாண்டோ. நொடித்துப்போன கம்பெனியின் பெயரை வாங்கி, ஊர் மாறிய ஆலையில், புதிய சட்டத்தோடு செய்யப்பட்ட வண்டி அது. இன்று அதுவே 'அசல் நார்ட்டன்' என்று ஏலத்தில் விலை ஏறுகிறது. 1967இல் நடந்த மறுவரவு மரபாகிறது, 2000க்குப் பிறகு நடந்தால் மோசடியாகிறது என்றால், இங்கே அளவுகோலாக இருப்பது நேர்மையா அல்லது வண்டியின் வயதா?

இந்தப் பின்னணியில் ஜான் புளூர் செய்ததைப் பாருங்கள். கட்டடத் தொழிலில் பொருள் ஈட்டிய அவர் 1983இல் டிரையம்ப் பெயரை வாங்கினார். பெயரை மட்டும் விற்றுக் காசு பார்க்க நினைத்திருந்தால், அடுத்த ஆண்டே பழைய போனவில்லுக்கு நிக்கல் பூசி விற்றிருக்கலாம். பழைய வடிவிலேயே வண்டி செய்யும் உரிமத்தை டெவன் பகுதியின் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, 1985 முதல் 1988 வரை அவர்கள் சிறு எண்ணிக்கையில் செய்துகொண்டிருந்தபோது, அவர் ஹிங்க்லியில் புதிய ஆலை கட்டிக்கொண்டிருந்தார். 1991இல் அங்கிருந்து வந்தவை தண்ணீரால் குளிரூட்டப்படும் மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகள். அவற்றில் பழம்பெருமை பேசுகிற எந்த அலங்காரமும் இல்லை. ஜப்பானிய வண்டிகளோடு நேருக்கு நேர் நிற்கக்கூடிய தரம் கைவந்த பிறகு, 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான் 790 சிசி போனவில் வெளியானது. பெயரை வாங்கி 17 ஆண்டுகள். பெயரைப் பிழைப்பாக்க வந்தவர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பிரிட்டிஷ் ரத்தம். வேடிக்கை பார்க்க வேண்டிய விஷயமல்ல இது. உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டிரையம்பைத் தொடங்கிய சீக்ஃப்ரீட் பெட்மன் ஜெர்மனியின் நூரெம்பெர்க்கிலிருந்து வந்து கவென்ட்ரியில் தொழில் நடத்தியவர். 1902இல் வந்த முதல் டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் இருந்தது பெல்ஜியத்தின் மினர்வா இன்ஜின். 1907இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டி.டி. பந்தயத்தில் இரட்டை சிலிண்டர் பிரிவை நார்ட்டன் வண்டியில் ரெம் ஃபௌலர் வென்றார். அந்த நார்ட்டனுக்குள் ஓடியது பிரெஞ்சு பூஜோ இன்ஜின். 1948இல் பி.எஸ்.ஏ. வெளியிட்ட பான்டம், ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்டி 125 வண்டியின் வடிவத்தை, போரில் வென்ற நாடு என்ற உரிமையில் எடுத்துச் செய்தது. ஒரு தலைமுறை பிரிட்டிஷ் இளைஞர்கள் வண்டி ஓட்டப் பழகியது அந்த பான்டமில்தான். அதை பிரிட்டிஷ் வண்டி அல்ல என்று அங்கே எவரும் சொன்னதில்லை. பெல்ஜியத்து இன்ஜினும் ஜெர்மன் வரைபடமும் பிரிட்டிஷ் வண்டியைக் கெடுக்கவில்லை என்றால், தாய்லாந்துத் தொழிலாளியின் கையும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கையும் மட்டும் எப்படிக் கெடுத்துவிடும்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முயல்கிறவருக்கு, தன் வாதத்தின் அடியில் எது ஒளிந்திருக்கிறது என்பது தானே தெரியவரும்.

இங்கே நமக்கு நேரடித் தொடர்பும் உண்டு. ராயல் என்ஃபீல்டின் பெயர் உயிரோடு இருந்தது திருவொற்றியூரில். இந்திய ராணுவத்துக்குப் புல்லட் தேவைப்பட்டதால், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு எல்லாமே இங்கேயே தயாராயின. ரெடிச்சில் கதவு மூடப்பட்ட பிறகும் வடசென்னையில் 350 சிசி புல்லட் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1977 முதல் அது பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. எது அசல், எது நகல் என்று கேட்பவர்கள் இந்த வண்டிக்கு என்ன பெயர் வைப்பார்கள்? தாய் ஆலை இறந்த பிறகும் அதே அச்சில், அதே முறையில், வேறு நாட்டில் தொடர்ந்த வண்டி அது. ஊரை வைத்து அளந்தால் நகல். அச்சை வைத்து அளந்தால் அசல். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு எந்த வண்டியையும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் உணர்ச்சியின் வேர்: பழைய வண்டியின் அதிர்வும் சத்தமும் பிடிவாதமும் அதன் உயிர், புதியதில் அது போய்விட்டது. இதற்கு இன்ஜினுக்குள்ளே போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

டர்னரின் இரட்டை சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். உச்சியில் இரண்டும் ஒரே கணத்தில் நின்று திரும்பும்போது எழுகிற உதறலை, கிராங்கில் எதிர் எடை வைத்து ஓரளவே அடக்க முடியும். 500 சிசியில் அது பொறுக்கக்கூடியதாக இருந்தது. 650 ஆனபோது கைகள் மரத்தன, நட்டுகள் தளர்ந்தன, ஹெட்லைட் பல்புகள் அறுந்தன. 1973இல் போனவில் 750 சிசி வகுப்புக்கு உயர்ந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. வால்வு இடைவெளி பார்ப்பதற்கான திருகு மூடிகள் ஓட்டத்திலேயே கழன்று விழும். புஷ் ராடு குழாய்களின் அடியில் ஆயில் ஒழுகும். ஆயிலை வடிகட்ட இருந்தது வெறும் கம்பிவலை. மிஞ்சிய கசடு கிராங்குக்குள் இருந்த ஒரு குழிவில் போய்ச் சேரும், அதைச் சுத்தம் செய்ய இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். இவற்றில் எதையும் டர்னர் விரும்பிச் செய்யவில்லை. அன்றைய விலைக்குள், அன்றைய எந்திரங்களை வைத்துக்கொண்டு, அவரால் செய்ய முடிந்தது அவ்வளவு.

அந்த அதிர்வை ஒழிக்கத்தான் பிரிட்டிஷ் பொறியாளர்கள் இரவு பகலாக உழைத்தார்கள் என்பதற்குக் கமாண்டோவே சாட்சி. நார்ட்டனின் பழைய இரட்டை சிலிண்டர் இன்ஜின் 750 சிசி அளவில் சட்டத்தையே உலுக்கியது. பெர்னார்டு ஹூப்பரும் அவருடைய குழுவும் இன்ஜின், கியர் பெட்டி, பின் சக்கரத் தாங்கி மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, ரப்பர் தாங்கிகளின் மேல் வைத்து, சட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். ஐசோலாஸ்டிக் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பால் கமாண்டோ 'மோட்டார் சைக்கிள் நியூஸ்' வாசகர்களின் வாக்கெடுப்பில் 1968 முதல் 1972 வரை தொடர்ந்து ஆண்டின் சிறந்த வண்டியானது. அந்தக் காலத்து வாசகர்கள், அசல் வண்டியின் அசல் வாடிக்கையாளர்கள், அதிர்வு போனதற்காகத்தான் அந்த வண்டியைக் கொண்டாடினார்கள். அதிர்வு போனதற்காகப் புதிய வண்டியைத் திட்டுகிறவர்கள் யாருடைய வாரிசுகள்?

ஸ்டார்ட்டர் பொத்தானும் அப்படித்தான். கிக்கரை மிதிப்பது ஆண்மையின் சோதனை என்று இன்று பேசுகிறார்கள். நார்ட்டன் 1975இல் 850 மார்க் 3 வண்டியில் மின் ஸ்டார்ட்டர் வைத்தது. அது பலவீனமாக இருந்தது என்பதுதான் அன்றைய வாடிக்கையாளரின் புகார். அது எதற்கு என்பது அல்ல. அவர்கள் கேட்டதும், கம்பெனியால் அன்று ஒழுங்காகக் கொடுக்க முடியாததும், இன்றைய வண்டிகளில் இருக்கின்றன.

இப்போது இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1959ஆம் ஆண்டு போனவில்: 649 சிசி, கம்பெனி சொன்ன சக்தி 46 குதிரைத்திறன். 2018இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர்: 648 சிசி, 47 குதிரைத்திறன். அறுபது ஆண்டுகளில் ஒரே ஒரு குதிரை கூடியிருக்கிறது. இந்த அளவுள்ள இன்ஜினிலிருந்து இதைவிடக் கூடுதலாகக் கறப்பது இன்று எந்தக் கம்பெனிக்கும் முடியாத காரியமல்ல. ஆனால் ஓட்டுகிறவரின் கைக்கு எட்டுகிற வேகம், கீழ்ச் சுற்றுகளிலேயே கிடைக்கிற இழுவை, கண்ணுக்குத் தெரிகிற காற்றுக் குளிரூட்டல் துடுப்புகள் ஆகியவற்றையே இலக்காக வைத்தார்கள். மாற்றியது மற்றதையெல்லாம். ஒரு பிஸ்டன் நின்று திரும்புகிற கணத்தில் மற்றது முழு வேகத்தில் இருக்கும்படி கிராங்கை 270 பாகையில் அமைத்தார்கள். மிச்ச உதறலை அடக்க பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்தார்கள். ஆறு கியர், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், வழுக்கலில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இதைக் குறைபட்ட நகல் என்பவர்கள், 1959இல் டர்னரின் மேசைமேல் இந்த வரைபடம் கிடைத்திருந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

சத்தம் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். புதிய வண்டிகள் பழைய சத்தத்தைத் திருடி விற்கின்றன என்ற குற்றச்சாட்டு அடிப்படையிலேயே பிழை. பழைய 360 பாகை கிராங்கில் வெடிப்புகள் சம இடைவெளியில் விழும். 2016க்குப் பிந்தைய போனவில்லிலும், இன்டர்செப்டரிலும், மறுபடி வந்த 961 கமாண்டோவிலும் கிராங்க் 270 பாகை. வெடிப்புகள் ஒன்று நெருங்கியும் ஒன்று தள்ளியும் விழும். காது உள்ளவர்கள் கேட்டால் தாளமே வேறு என்று தெரியும். திருட வந்தவர்கள் எடுத்துப்போக வேண்டிய முதல் பொருளையே விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். பொறியாளர்கள் நல்ல கிராங்கைத் தேடினார்கள், அதற்குரிய சத்தம் தானாக வந்தது. பழைய வண்டிகளின் சத்தம் பிறந்ததும் அப்படியே.

அசல் என்று இன்று கூட்டங்களில் காட்டப்படும் வண்டிகளையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடுகிற ஒரு பழைய போனவில்லையோ கமாண்டோவையோ திறந்து பார்த்தால், பாயின்ட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும். சீல்கள் இன்றைய ரப்பரில் செய்தவை. தனியாக ஒரு ஆயில் ஃபில்டர் பொருத்தப்பட்டிருக்கும். கமாண்டோவின் 1972ஆம் ஆண்டு காம்பாட் இன்ஜின் தன் கிராங்க் பேரிங்குகளையே தின்று தீர்த்தது ஊரறிந்த கதை. கம்பெனியே பின்னர் சூப்பர்பிளெண்ட் பேரிங்குகளுக்கு மாறியது. அவற்றைப் போடாமல் இன்று யாரும் அந்த இன்ஜினைக் கட்டுவதில்லை. பழைய வண்டி நம்பகமாக ஓடுகிறது என்று பெருமைப்படுகிறவர் பெரும்பாலும் பாராட்டிக்கொண்டிருப்பது, அதற்குள் புகுத்தப்பட்ட புதிய தொழில்நுட்பத்தைத்தான். புளூரும் ராயல் என்ஃபீல்டும் ஆலையில் செய்ததை அவர் கொட்டகையில் செய்திருக்கிறார். இரண்டும் நல்ல வேலைதான். ஒன்றை பக்தி என்றும் மற்றதைத் துரோகம் என்றும் சொல்வதுதான் நியாயமில்லை.

1960களின் பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு இந்தத் தூய்மைவாதம் இருந்ததே இல்லை. தவணையில் வண்டி வாங்கி, லண்டன் வடக்கு வட்டச் சாலையின் ஏஸ் கஃபே முன்னால் கூடியவர்கள் முதலில் கையில் எடுத்தது ஸ்பேனரை. நார்ட்டனின் ஃபெதர்பெட் சட்டம் வளைவுகளில் அசையாது. டிரையம்பின் இன்ஜின் சீறும். இரண்டையும் சேர்த்து டிரைட்டன் என்ற வண்டியை உண்டாக்கினார்கள். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லாத அந்தக் கலப்பு வண்டிதான் அக்காலத்தின் அடையாளமாக இன்று போற்றப்படுகிறது. வேகமும் நம்பகமும் எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்வதே அவர்கள் கண்ட மரபு.

அசலை மாற்றாமல் அப்படியே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் விடை இருக்கிறது. அது திருவொற்றியூரில் நடந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், நான்கே கியர், பாயின்ட், டிரம் பிரேக் என்று புல்லட் ஏறக்குறைய மாறாமலே பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. டிகம்ப்ரஸரைப் பிடித்து, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, பிறகு ஒரே மிதியில் எழுப்பத் தெரிந்தவர்கள் அதை நேசித்தார்கள். அந்த நேசம் உண்மையானது. ஆனால் அந்த நேசத்தால் ஆலை பிழைக்கவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, இந்த நிறுவனத்தை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்று அதன் உரிமையாளரான ஐஷர் குழுமமே யோசிக்கிற நிலை வந்தது. இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய யு.சி.இ. இன்ஜின் வந்தபோது, 'டப் டப் போச்சு, புல்லட் செத்துச்சு' என்று பேசாத மெக்கானிக் கடை தமிழ்நாட்டில் இல்லை. 2010இல் ஆண்டுக்குச் சுமார் 50,000 வண்டிகள் விற்ற நிறுவனம், 2014இல் 3 லட்சத்தைத் தாண்டியது. செத்ததாகச் சொல்லப்பட்ட வண்டிதான் அந்த ஆலையைக் காப்பாற்றியது. அந்த வருமானம் இல்லாமல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு வடிவமைப்பு மையமும் இல்லை, இன்டர்செப்டரும் இல்லை.

பிரிட்டிஷ் தொழிலைக் கொன்றது எது என்ற கேள்வியும் இதோடு இணைந்தது. டர்னர் 1960இல் ஜப்பானுக்குப் போய், அங்கே நடக்கிற உற்பத்தியின் அளவையும் தரத்தையும் நேரில் பார்த்து, திரும்பி வந்து அறிக்கை எழுதினார். அந்த எச்சரிக்கைக்கு ஏற்ற வேகத்தில் பி.எஸ்.ஏ. குழுமம் அசையவில்லை. மூன்று சிலிண்டர் டிரைடென்ட் வண்டிக்கான யோசனை 1960களின் தொடக்கத்திலேயே பொறியாளர்களிடம் இருந்தும், வண்டி சந்தைக்கு வந்தது 1968இல். அதிலும் மின் ஸ்டார்ட்டர் இல்லை, முன்னால் டிஸ்க் பிரேக் இல்லை. சில மாதங்களில் ஹோண்டா சிபி750 அவை இரண்டோடும் நான்கு சிலிண்டரோடும் வந்து நின்றது. நம் வாடிக்கையாளருக்கு இதுவே போதும், அவர்கள் இப்படித்தான் விரும்புகிறார்கள் என்ற நினைப்பில்தான் அன்றைய நிர்வாகிகள் இருந்தார்கள். அசல் வண்டிகளை அழித்த அதே மனநிலை, இன்று அந்த வண்டிகளின் காவலன் என்று பேசுகிறது. இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நான்காவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கார்புரேட்டர் மாதிரி மூடி போட்ட அமைப்பு தேவையற்ற வேடம்தான்; நல்ல பொறியாளர் தன் வேலையை மறைக்க வேண்டியதில்லை. எடையும் உண்மையான குறை: இன்றைய டி120, அதே பெயருடைய பழைய வண்டியைவிட ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் கூடுதல் எடை உடையது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் தண்ணீர்க் குளிரூட்டலும் ஏ.பி.எஸ்.ஸும் அதில் ஒரு பங்குக்கே காரணம். கோல்டு ஸ்டார் விஷயத்தில் எதிர்த்தரப்பின் கை ஓங்கியே இருக்கிறது. 1937இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் நூறு மைல் வேகத்தைத் தாண்டிய சுற்றுக்குக் கிடைத்த தங்க நட்சத்திரத்தால் பெயர் பெற்ற வண்டி அது. அதன் டிபிடி34 மாடல் பந்தயத்துக்காகவே கட்டப்பட்ட எந்திரம். இன்றைய 652 சிசி ஒற்றை சிலிண்டர் கோல்டு ஸ்டார், 45 குதிரைத்திறனோடு நிதானமாக ஊர் சுற்றுவதற்கான வண்டி. பந்தய வாரிசு என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பழைய பந்தயக் கோல்டு ஸ்டாரின் கார்புரேட்டரால் சிக்னலில் நின்று இன்ஜினை மெல்ல ஓடவிட முடியாது, முதல் கியர் அவ்வளவு நீளம் என்பதால் கிளட்சை நழுவவிட்டே நகர வேண்டும். 2024 ஆகஸ்டில் 3 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் இந்தியச் சந்தைக்கு வந்த புதிய வண்டியை ஒருவர் தினமும் வேலைக்கு ஓட்டிப்போகலாம். அதைப் பந்தய வண்டி என்று விளம்பரம் செய்தால் கண்டிக்கலாம். உயிரில்லாதது என்று ஏசக் காரணமில்லை.

இன்னொரு குறை இவற்றைவிடப் பெரியது, தூய்மைவாதிகள் அதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். பழைய வண்டியை அதன் சொந்தக்காரரே பிரித்துப் பூட்ட முடியும். இன்றைய வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் கருவியும் மென்பொருளும் வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடமிருந்து இந்த அறிவைப் பூட்டி வைப்பது தவறு. இதற்கு எதிராகக் குரல் எழுப்புவது நியாயம், அவசியமும்கூட. ஆனால் அதற்கான வழி, பழுதுபார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்குவது. 1959க்குத் திரும்புவதால் அது கிடைக்காது.

மறுவரவு என்ற பெயரில் உண்மையான மோசடியும் நடந்திருக்கிறது. 2008இல் நார்ட்டன் பெயரை வாங்கிய உரிமையாளர், தான் பொறுப்பு வகித்த ஓய்வூதிய நிதிகளின் பணத்தைச் சட்டத்துக்கு மாறாகத் தன் நிறுவனத்திலேயே முதலீடு செய்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 2022இல் தண்டனை பெற்றார். வாழ்நாள் சேமிப்பை அந்த நிதிகளில் போட்டவர்கள் அடைந்த வேதனை சாதாரணமானதல்ல. நிறுவனம் 2020 ஜனவரியில் நொடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு அதை வாங்கிய டிவிஎஸ், முந்தைய நிர்வாகம் விற்ற வி4 வண்டிகளைப் பரிசோதித்து 35 குறைகளை வெளிப்படையாக அறிவித்தது. இங்கேதான் கோடு போட வேண்டும். பெயரை வாங்கி அதற்குக் கீழே ஒழுங்கான எந்திரத்தை வைக்கிறவர்கள் ஒரு பக்கம். பெயரையே பணமாக்கப் பார்க்கிறவர்கள் மறுபக்கம். எல்லா மறுவரவுகளையும் ஒரே சொல்லால் ஒதுக்குகிறவர்கள், இந்த வேறுபாட்டைப் பார்க்கும் கண்ணையே இழந்துவிடுகிறார்கள். எல்லோரும் போலி என்றால் உண்மையான போலிக்கு வெட்கப்படக் காரணமே இல்லை.

என் முடிவு இது. பழைய போனவில்லும் கமாண்டோவும் கோல்டு ஸ்டாரும் அவை வந்த நாளில் கிடைத்தவற்றிலேயே புதியவை, சாதாரணத் தொழிலாளி தவணையில் வாங்கி வேகத்தின் சுகத்தை அறியக்கூடியவை. அவற்றின் பெருமை அதுதான். அந்த வேலையை இன்று எந்த வண்டி செய்கிறதோ அதுவே அவற்றின் வாரிசு. ஹிங்க்லியின் போனவில்லும் சென்னையின் இன்டர்செப்டரும் அந்த வேலையைச் செய்கின்றன. காட்சிக் கூடத்தில் துணி போர்த்தி, ஏல விலை ஏறக் காத்திருக்கும் வண்டி அதைச் செய்யவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை ஓட்டுங்கள், உங்களுக்குத் தெரிந்த வித்தையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் புதிய இன்டர்செப்டரில் ஒரு பையன் வந்து ஓரமாக நிறுத்தினால், இது என்ன வண்டி என்று ஏளனமாகக் கேட்காதீர்கள். அவனைப் பக்கத்தில் அழைத்து உட்கார வையுங்கள். உங்கள் வண்டியின் பெயரை இன்னும் ஐம்பது ஆண்டுகள் சாலையில் வைத்திருக்கப் போகிறவன் அவன்தான்.